மூன்று நாற்காலியும் ஒரு துணிதாங்கியும்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் கதியும் அதுதான். காரணம் எளிது: இருவரும் தங்கள் காலத்தில் ஒரு நல்ல விளம்பர நிறுவனத்தை அணுகவில்லை. இந்தத் தவற்றை உணர்ந்து மனித குலம் திருந்திய பிறகுதான் நாகரிகம் என்று சொல்லத்தக்க எதுவும் தொடங்கிற்று.

அந்த நாகரிகத்தைத் தோளில் தாங்கி நிற்பவர்களில் ஒருவர் நம் 'ஒத்தைவரி'. பதினோரு ஆண்டுகளாக ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறார். எந்தப் பொருளானாலும் ஒரே ஒரு வரி. இரண்டாவது வரி எழுதினால் மக்கள் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது தொழில் தர்மம். மகள் எழுவதற்கு முன் அலுவலகம் புறப்படுவார்; அவள் தூங்கிய பிறகு வீடு திரும்புவார். இடைப்பட்ட நேரம் முழுவதும் குடும்ப பாசத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பார். அந்தத் துறையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆகவே சாப்பாட்டு மேசை செய்யும் ஒரு கம்பெனி விளம்பரத்துக்கு வந்தபோது, வேலை இயல்பாகவே அவர் மடியில் வந்து விழுந்தது.

முதல் மூன்று வாரம் மேசை என்றால் என்ன என்பதை முடிவு செய்வதில் கழிந்தது. இதற்கென்றே நிறுவனத்தில் 'சிந்தனை அறை' ஒன்று உண்டு. அதில் நாற்காலி கிடையாது, மேசையும் கிடையாது. எல்லோரும் மூட்டை போன்ற மெத்தைகளில் புதைந்து கிடப்பார்கள். படைப்புத் தலைவர் மட்டும் காலை மேலே தூக்கி வைத்திருப்பார். கால் தரையில் பட்டால் யோசனை இறங்கிவிடுமாம்.

"மேசைன்னா என்ன?" என்று கேட்டார் தலைவர், பதினான்காவது கூட்டத்தில்.

எல்லோரும் மெத்தையில் இன்னும் கொஞ்சம் புதைந்தார்கள்.

"நாலு கால், மேல ஒரு பலகை" என்றார் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் அம்மணி. அவர் அந்தத் துறைக்குப் புதிது.

"அது பொருள், அம்மா. நான் கேக்கறது உணர்வு."

அம்மணி அன்று மாலையே எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தார்.

"மேசைங்கறது, உட்கார்ந்தவங்களுக்கு எழுந்திருக்கவே மனசு வராத இடம்" என்றார் ஒத்தைவரி.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அறையே சிலிர்த்தது. பிறகு எல்லோரும் அவரவர் கணினிக்குப் போய், சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வரியை மெச்சினார்கள்.

ஆனால் கம்பெனி முதலாளியான மேசைக்காரருக்குத் திருப்தி இல்லை. "வரி அழகா இருக்கு. ஆனா உண்மையா இல்லையே" என்றுவிட்டார். விளம்பர உலகில் இப்படியொரு குற்றச்சாட்டு எழுவது அபூர்வம். தலைவர் ஒத்தைவரியைத் தனியாக அழைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள உண்மையா ஒரு வரி வேணும். வந்துட்டா 'தலைமை வரியாளர்' பதவி உங்களுக்கு. வரலைன்னா மேசைக்காரர் வேற இடம் பார்த்துக்குவாரு."

"நான்?"

"நீங்களும்தான்."

உண்மையைக் கண்டுபிடிக்க இத்துறையில் ஒரு விஞ்ஞான முறை இருக்கிறது. ஆய்வுக்காரர்கள் மாதக்கணக்கில் முன்பே விசாரித்துப் பட்டியலில் வைத்திருக்கும், முன்பின் தெரியாத எட்டுப் பெண்களை ஓர் அறையில் உட்கார வைத்து, வீட்டைப் பற்றிப் பேச விடுவார்கள். சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம் தெரியும். இந்தப் பக்கம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த அறை முழுதும் தெரியும். கதவுச் சந்தில் எட்டிப் பார்ப்பதைத்தான் ஊர் தப்பாகப் பேசும். கண்ணாடி போட்டுப் பார்த்தால் அதற்குப் பெயர் ஆய்வு.

வியாழக்கிழமை மதியம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தலைவர், மேசைக்காரர், ஒத்தைவரி மூவரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நீல உடையில் வந்த ஐந்தாவது பெண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது ஒத்தைவரிக்கு. சிரித்த முகம், மடித்துப் பிடித்த குடை. எங்கே பார்த்தோம் என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கையில் அந்தப் பெண் குடையை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டினாள். அது அவர் வாங்கித் தந்த குடை. அவள் அவருடைய மனைவி.

ஆய்வுக்கு ஒரு சட்டம் உண்டு: விளம்பரத் துறையில் வேலை பார்ப்பவர் எந்த வீட்டில் இருந்தாலும், அந்த வீட்டார் கலந்துகொள்ளக் கூடாது. அப்படி ஒருவர் நுழைந்துவிட்டால் ஆய்வு முழுதும் செல்லாது. வெள்ளிக்கிழமை கைவிட்டுப் போகும், பதவியும் போகும், வேலையும் போகும். சொல்லிவிடலாம் என்று அவர் பாதி எழுந்தார்.

"உட்காருங்க, மறைக்குது" என்றார் மேசைக்காரர்.

உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவருடைய போராட்டம்.

"உங்க வீட்டு மேசையைப் பத்திச் சொல்லுங்க" என்று பேச்சை நடத்தியவர் நீல உடையிடம் கேட்டார்.

"நாலு நாற்காலி இருக்கு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் பொண்ணுக்கு. மூணாவது விருந்தாளிக்கு."

"நாலாவது?"

"துவைச்ச துணியைப் போட்டு வைப்பேன். மடிக்கிறதுக்கு அதுதான் தோது. முதல்ல ஒரு சட்டை ரெண்டு சட்டைதான் போட்டேன். யாரும் எடுங்கன்னு சொல்லலை. அப்புறம் மொத்தத்தையும் போட ஆரம்பிச்சுட்டேன்."

மற்ற ஏழு பெண்களும் ஒரே நேரத்தில், "எங்க வீட்லயும்!" என்றார்கள்.

இருட்டில் தலைவரின் இரண்டு காலும் தரைக்கு வந்துவிட்டன. "தங்கச் சுரங்கம்! யாருய்யா இந்த அம்மா? எழுதுங்க, ஒத்தைவரி, ஒரு சொல் விடாம எழுதுங்க!"

ஒத்தைவரி எழுதினார். பதினோரு ஆண்டுத் திருமணத்தில் மனைவி பேசியதை அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாலு பேருக்கு மேசை வித்தா நாம முட்டாள். மூணு நாற்காலி, ஒரு துணிதாங்கி! அதான் இன்னிக்குக் குடும்பம்" என்றார் தலைவர்.

"தாங்கியில கொக்கி வைக்கலாமா?" என்றார் மேசைக்காரர்.

"ஆறு வைங்க."

மறுநாள் காலை ஒத்தைவரி தன் வாழ்நாளின் சிறந்த வரியை எழுதிக் கொடுத்தார்: 'யார் வந்தாலும் வராவிட்டாலும், இடம் வீணாகாது.' மேசைக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "இதுதாங்க உண்மை. இதை எழுத எவ்வளவு கொடுத்து வச்சிருக்கணும்!" தலைமை வரியாளர் பதவி அந்த நிமிடமே அறிவிக்கப்பட்டது. கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆனது.

அன்று மாலை ஐந்து மணிக்கே புதிய தலைமை வரியாளர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அலுவலகம் கலங்கிப்போனது. டாக்டரைக் கூப்பிடவா என்று அம்மணி கேட்டார். அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

வீட்டுக் கதவை மகள் திறந்தாள். "அம்மா! அப்பா வந்திருக்காரு. வேலை போயிடுச்சு போல."

மேசையில் இரண்டு தட்டு இருந்தது. நாலாவது நாற்காலியில் துணி மலையாகக் குவிந்திருந்தது. ஒத்தைவரி அந்த மலையை அப்படியே அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நேத்து நீ ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தியா?"

"ஆமா" என்றாள் மனைவி. "நல்லா இருந்துச்சுங்க. நான் பேசப் பேச அங்க ஒரு அம்மா தலையாட்டிக்கிட்டே கேட்டாங்க. உங்களுக்கு யாரு சொன்னது?"

"கண்ணாடிக்குப் பின்னால நான்தான் இருந்தேன்."

அவள் தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள். "அப்படின்னா எல்லாத்தையும் கேட்டீங்க. நல்லதாப் போச்சு."

தலைமை வரியாளருக்குக் கோபம் வந்தது. வெட்கப்பட வேண்டிய இடத்தில் கோபம் வருவது பதவியின் முதல் அடையாளம்.

"அது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? விளம்பர வேலை பார்க்கிறவங்க வீட்டு ஆளு வரவே கூடாது. படிவத்துல கேட்டிருப்பாங்களே, வீட்டுல இருக்கிறவங்க என்ன வேலை பார்க்கிறாங்கன்னு? பொய் எழுதினியா?"

"நான் எதுக்குப் பொய் எழுதணும்? வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டாங்க. நானும் பொண்ணும், ரெண்டு பேர்னு எழுதினேன். பொண்ணு மூணாம் வகுப்பு படிக்கிறான்னு போட்டேன்."

"அதெப்படி விட்டாங்க? அந்த ஆய்வுக்காரங்க லேசுப்பட்டவங்க இல்ல. வீட்டுக்கே வந்து சரிபார்ப்பாங்களே!"

"வந்தாங்க" என்றாள் மனைவி. "ஒரு மாசத்துல மூணு தடவை, வேற வேற நேரத்துல வந்தாங்க. ஒரு தடவை ஞாயித்துக்கிழமை. வீடு முழுக்கச் சுத்திப் பார்த்துட்டு, எழுதினது எல்லாம் உண்மைதான்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க."