பன்னிரண்டு பீச்

ஒரு சனிக்கிழமையைத் திருடுவது என்று தீர்மானித்துவிட்டேன். ஊரில் கோயில் சிலையையே திருடுகிறார்கள். நான் என் சொந்தச் சனிக்கிழமையைத் திருடக்கூடாதா?

எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஒரு சினிமாவின் கடைசிப் பத்து நிமிஷத்தைப் பார்ப்பதற்கு.

டெக்சாஸுக்குப் படிக்க வந்த புதிதில், ஒரே அபார்ட்மென்டில் ஆறு பையன்கள் அடைந்து கிடந்தபோது டிவியில் பார்த்த படம் அது. எண்பதுகளில் எடுத்த கடற்கரைக் காமெடி. காசில்லாமல் எடுத்தது என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். ஒரே அலையை நாலு தடவை காட்டுவார்கள். மேலே மைக் தொங்கும். கூட்டம் என்றால் அதே எட்டுப் பேர் தொப்பியை மாற்றிக்கொண்டு குறுக்கே நடப்பார்கள்.

கதையா? இருக்கிறது. கடற்கரையில் ஒரு ஓட்டை ஜூஸ் கடை. அதை இடித்துவிட்டு ஓட்டல் கட்டப் பார்க்கிறான் பணக்கார வில்லன். உருப்படாத நாலு பையன்கள் வாலிபாலில் ஜெயித்துக் கடையைக் காப்பாற்ற வேண்டும். ஸ்கோர் சமம். பந்து மேலே போகிறது. அந்த இடத்தில் என் ரூம்மேட் சேனலை மாற்றிவிட்டான். என்னைப் பொறுத்தவரை அந்தப் பந்து இன்னும் கீழே இறங்கவில்லை.

அப்படி என்ன இருக்கிறது அதில் என்று கேட்பீர்கள். அந்தப் பையன்களுக்கு மேனேஜர் கிடையாது. காலை ஏழு மணிக்கு மீட்டிங் கிடையாது. வெயிலில் கறுத்துவிடுவோம் என்ற பயம் கிடையாது. வில்லன்கூட கேக்கின் மேல் விழுவானே தவிர, யாருக்கும் ரத்தம் வராது. நான் இப்போது இருக்கும் டெக்சாஸ் பிளானோவில் காசு கட்டி ஓட்டுகிற டோல்வே இருக்கிறது, டோல்வேக்கு மேல் இன்னொரு டோல்வே இருக்கிறது, கடல் மட்டும் இல்லை. ஏங்க மாட்டேனா?

என் மனைவி வான்மதி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. "ட்ராயரைப் போட்டுக்கிட்டு மணல்ல ஓடறதெல்லாம் ஒரு படமுங்களா மாமா?" என்று ஒரே கேள்வியில் என் ரசனையைக் குழி தோண்டிப் புதைத்தவள்.

போன மாதம், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் டிவிடி பெட்டி ஒன்று கிடைத்தது. பன்னிரண்டு கடற்கரைக் காமெடிகள். அதில் என் படமும் இருந்தது! வீட்டுக்குக் கொண்டுவந்து புல்வெட்டும் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. முக்கியமாக, நான் போவதில்லை.

வான்மதி தமிழ்ப் பள்ளி டீச்சர். வருகிற சனிக்கிழமை அவளுக்கு ஆண்டு விழா ரிகர்சல், நாள் முழுக்க. பக்கத்து வீட்டுச் சுவாமிநாதனைத் துணைக்குக் கூப்பிட்டு வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினேன். அவன் மனைவி ராஜலக்ஷ்மி அவன் போனைத் தொடமாட்டாள். மகள் அனன்யா சதா அதை நோண்டுகிறவள், விஷயம் தெரிந்தால் ஊருக்கே சொல்லிவிடுவாள். ஆகவே தமிழில் எழுதினேன். அவளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. அமெரிக்காவில் தமிழ் எழுத்தைவிடப் பத்திரமான பூட்டு இல்லை.

'சனிக்கிழமை பீச். மொத்தம் பன்னிரண்டு. காலையிலேயே வந்துவிடு.'

பூட்டுக்குச் சாவி செய்து வாராவாரம் விநியோகிக்கிறவள் என் வீட்டிலேயே இருக்கிறாள் என்பது மறந்துபோயிற்று. போனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால், வான்மதி அதைக் குனிந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏனுங் மாமா, சனிக்கிழமை பீச்சுங்களா?"

ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.

"பீச் பழந்தானுங்களே?"

தமிழ்த்தாயே! இங்கிலீஷ்காரன் இரண்டு எழுத்து வைத்திருக்கிற இடத்தில் ஒரே ஒரு 'ப'வை வைத்தாயே, இந்த நாளுக்காகத்தானா?

"ஆமா புள்ள! பழந்தான்! வேற என்ன?"

"பன்னெண்டுங்கறது?"

"பெட்டி."

"பன்னெண்டு பெட்டியா? எதுக்குங்க அத்தனை?"

"உனக்குத்தான்... தொக்கு கிக்கு போடறதுன்னா..."

"நல்லதாப் போச்சு! தமிழ்ச் சங்கத்துப் பிக்னிக்குக்கு என்ன செய்யறதுன்னு மண்டையை ஒடைச்சிட்டு இருந்தேன். கடையில வாங்காதீங்க, மருந்தடிச்சிருப்பான். தோட்டத்துக்கே போய்ப் பறிச்சிட்டு வாங்க. சுவாமிநாதன் அண்ணனுக்கு நானே ராஜலக்ஷ்மிகிட்டச் சொல்லிடறேன்."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன்.

சனிக்கிழமை காலை, காலிப் பெட்டிகளோடு இருவரையும் காரில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். ஃபோர்ட் வொர்த்தையும் தாண்டிப் பழத்தோட்டம். வெயில் நூறு டிகிரி. மணல் இருந்தது, வியர்வை இருந்தது, ட்ராயரும் போட்டிருந்தோம். கடல்தான் இல்லை.

"யோவ், பீச்சுன்னு சொல்லித்தானேய்யா கூப்ட்ட?" என்றான் சுவாமிநாதன், முதுகைச் சொறிந்துகொண்டே. பீச் பழத்தின் மேலிருக்கும் பூனைமுடி சட்டைக்குள் போனால் எப்படி அரிக்கும் என்று எந்தத் தமிழ்ப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

"பரவால்லய்யா. மூணு மணிக்கு வீடு. ரிகர்சல் முடிய ஆறாகும். என் படம் ஒண்ணை மட்டுமாவது பாத்துடலாம்."

"எதுக்குய்யா பாக்கணும்? இந்த மாதிரிப் படத்துல கடை எப்பவுமே தப்பிச்சிரும்."

"அது தெரியும். அந்தப் பந்து இறங்கறதை நான் பாக்கணும்."

வெயிலில் வறுபட்டு வீட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் வான்மதி, பக்கத்தில் ராஜலக்ஷ்மி, நடுவில் ஒரு சட்டி நிறைய முறுக்கு. பெரிய டிவியில் ஓட்டை ஜூஸ் கடை. நாலு பையன்கள். பந்து மேலே போகிறது!

"மாமா! அந்தக் காலோட கார்ப்பெட்டுல வராதீங்! கழுவிட்டு வாங்க!"

இருபத்தைந்து வருஷப் பழக்கம். கால் தானாகவே திரும்பி ஓடிவிட்டது. கழுவிவிட்டு ஓடி வந்தேன். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ரிகர்சல்?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அதை ஞாயித்துக்கெழமைக்குத் தள்ளி வெச்சாச்சுன்னு புதன்கெழமையே சொல்லிட்டாங்க."

"அப்ப, பீச்சுன்னா என்னன்னு உனக்கு..."

"பம்பரத்துல மொதல் 'ப' வேற, ரெண்டாவது 'ப' வேறன்னு ஏழு வயசுக் கொழந்தைகளுக்கு வாராவாரம் சொல்லித் தர்றேன். எனக்குத் தெரியாதுங்களா? புல்லு வெட்டற மெஷினுக்குப் பின்னால இருந்த பெட்டியையும் போன மாசமே பாத்துட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "என்னையக் கூப்பிட்டிருந்தா நானும் வந்து ஒக்காந்திருப்பேனே. அதை விட்டுப்போட்டு அடுத்த வீட்டு அண்ணனக் கூப்பிடறீங்க."

எனக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. சோபாவின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தேன்.

"தப்புதான் புள்ள. இப்ப சேர்ந்தே பாக்கலாம். அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் திருப்பிப் போடு. முப்பது வருஷமா காத்திருக்கேன்."

அவள் முறுக்கு ஒன்றை எடுத்து ஆதரவாக என் கையில் வைத்தாள்.

"அதை எதுக்குங்க இன்னொருக்கா பாத்துட்டு? கடை தப்பிச்சிருச்சு. போய்ப் பழத்தைக் கழுவுங்க."