ஆயுசுக்கும் ஒரே ஜன்னல்

"நல்லா பாரு. உன் ஜன்னலு இதுதான்."

அம்மு நீட்டிய உள்ளங்கையில் ஒரு பிடி மரத்தூள் இருந்தது.

லோகநாதன் ஜன்னல் நிலையைக் கட்டைவிரலால் அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது. இழுத்தான், விரலோடு நிலையில் பாதியும் வந்தது. கரையான்கள் பதறியடித்துக்கொண்டு ஓடின.

"தெருவுல எந்த வூட்லயும் கரையான் இல்லியே! போன மாசம் மதார் பாய் சுண்ணாம்பு அடிச்சப்பகூட நல்லாதான இருந்துச்சு?"

"என்னைக் கேட்டா? கரையானக் கேளு."

லோகநாதன் ராயபுரம் ரயில் ஷெட்டில் ஃபிட்டர். தண்டையார்பேட்டையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் சொந்த வீடு. எந்தப் பொருள் எத்தனை வருஷம் உழைக்கும், அதற்குள் எத்தனை தடவை கையைக் கடிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. இது அவனுடைய அபிப்பிராயம். கல்யாணமான புதிதில் அம்மு அவனிடம் இரண்டே இரண்டு விஷயம் கேட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது, அதனால் குழாய்ச் சந்துப் பக்கம் ஒரு கதவு. மிளகாய் காயப்போட ஏணியில் தொற்ற வேண்டியிருக்கிறது, அதனால் மாடிக்கு ஒரு படி.

"ஒரு வூட்டுக்கு ஒரு கதவு போதும். ஏணி கீதே, படி எதுக்கு?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் தள்ளுபடி செய்தான். அதற்கப்புறம் அம்மு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தன் கணக்கை அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அவன் நிம்மதியாக இருந்தான்.

அன்று மத்தியானமே ஜன்னல் ஓட்டை வழியாக ஒரு பூனை வந்து வஞ்சிர மீன் குழம்பைச் சட்டியோடு கவிழ்த்தது. அம்மு துணி மூட்டையைக் கட்டினாள்.

"ஓட்ட வூட்ல என்னால குந்திகினு இருக்க முடியாது. வண்ணாரப்பேட்டைல எங்கம்மா வூட்ல கீறேன். ஆயுசுக்கும் நிக்கிற மாதிரி ஒரு ஜன்னல வெச்சிட்டு சொல்லி அனுப்பு."

"ஒரே வாரம்," என்று லோகநாதன் மீசையைத் தடவினான்.

கொத்தனார் மதார் சாகிப் வந்து ஓட்டையைப் பார்த்தார். "மாங்கட்டையப் போட்டா இப்டிதான் நைனா. சல்லிசுன்னு வாங்கிகீறே."

"எங்கப்பா வாங்கினது. நான் அப்டி இல்ல பாய். வாங்கறப்ப இன்னா செலவுன்னு பாக்கக்கூடாது, அது சாவுற வரைக்கும் இன்னா செலவுன்னு பாக்கணும். இரும்புதான்! கரையான் கடிச்சா அதோட பல்லுதான் போவும்."

யுத்தம் முடிந்து பட்டாளம் காலி செய்த கொட்டகையிலிருந்து வந்த இரும்பு நிலை ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதை விலைக்கு வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஓட்டைக்குள் அது நுழையவில்லை.

"கொஞ்சம் இடிச்சாதான் போவும்," என்றார் மதார் சாகிப். அவர் கையில் சுத்தியல் ஏற்கெனவே ஓங்கியிருந்தது.

"இடி பாய்!"

இரும்பு நிலை கம்பீரமாக நின்றது. லோகநாதன் ஷெட்டில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டான். அம்மு வருவதற்குள் ஐப்பசி மழையும் கடல் காற்றும் முந்திக்கொண்டன. அவள் வந்து இறங்கியபோது நிலையிலிருந்து சிவப்பு நீர் வழிந்து வெள்ளைச் சுவரெல்லாம் வெற்றிலை எச்சில் துப்பியதுபோல இருந்தது. அம்மு ஒரு விரலால் தொட்டு, அந்தச் சிவந்த விரலை அவன் மூக்குக்கு நேரே காட்டினாள்.

"வருசா வருசம் இத்த சொரண்டி பெயிண்ட் அடிக்கணும். சாவுற வரைக்கும் இன்னா செலவுன்னு பாத்தியாய்யா?"

தான் பெற்ற கணக்கே தன்னைத் திருப்பி அடிக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வந்த ரிக்‌ஷாவிலேயே அம்மு திரும்பிப் போனாள். ஓட்டல் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. குழம்பு மட்டமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டிக்கொண்டே பரிமாற அவள் இல்லாதது பெரிய வேதனையாக இருந்தது. ஆனாலும் அவன் தளரவில்லை.

"சிமெண்டு!" என்றான் மறுநாள். "கரையானும் தின்னாது, துருவும் புடிக்காது, பெயிண்டும் கேக்காது. வெச்சா வெச்சதுதான்."

அலைந்து சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கி, வாசலிலேயே அச்சுக் கட்டி நிலையை வார்த்தான். சிமெண்டு நிலை மெல்லிசாக இருந்தால் ஒடிந்துவிடும் என்று தடியாக வார்த்தான். தடியாக இருந்ததால் ஓட்டை போதவில்லை. மதார் சாகிப் மறுபடியும் இடித்தார். போகிற போக்கில் கீழ்ச்சுவரையும் அங்கங்கே தட்டிப் பார்த்தார்.

"அங்க எதுக்குத் தட்டறே பாய்?"

"சொம்மா. கெட்டியா கீதான்னு பாத்தேன்."

ஷெட்டிலிருந்து தோஸ்துகள் வந்து முக்கி முனகி நிலையைத் தூக்கி வைத்தார்கள். லோகநாதன் எல்லாருக்கும் டீ சொன்னான். டீ வருவதற்குள் நிலை எருமை படுப்பதுபோல மெதுவாகக் கீழே உட்கார்ந்தது. அடியிலிருந்த சுவரும் சரிந்து போயிற்று. புழுதி அடங்கியபோது ஓட்டை தரை வரைக்கும் வந்திருந்தது. அதன் வழியாக ஓர் ஆடு உள்ளே வந்து, கொடியில் தொங்கிய அவன் வேட்டியை மோந்து பார்த்தது.

"சுவரு தாங்கல," என்றார் மதார் சாகிப். அவர் குரலில் இருக்க வேண்டிய வருத்தம் இல்லை.

சேதி வண்ணாரப்பேட்டைக்குப் போனது. பதில் உடனே வந்தது: 'பொங்கலுக்குள்ள ஜன்னல் வரலன்னா நான் இங்கயே இருந்துடறேன்.'

லோகநாதன் அன்றைக்கு ஷெட்டுக்கு லீவு போட்டான். நேராக மரக்கடைக்குப் போய்ப் பர்மா தேக்கு வாங்கினான். இரும்புக்கும் சிமெண்டுக்கும் கொட்டியதைச் சேர்த்தால் முதலிலேயே தேக்கு வாங்கியிருக்கலாம் என்ற பகுதியை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டான்.

"வாங்கறப்ப ஒரு தடவ வலிக்கும் பாய். அப்பாலே பேரன் காலத்துக்கும் வலிக்காது."

"வாஸ்தவம் நைனா. மொதல்ல கீழ்ச்சுவர எழுப்பணும். செங்கல்லு, சுண்ணாம்பு, ஆளு..."

லோகநாதனின் கண் பளிச்சிட்டது. "சுவரே வேணாம்! சுவருன்னா விரிசல் வுடும், வருசா வருசம் சுண்ணாம்பு கேக்கும். தேக்கு நிலையத் தரை வரைக்கும் எறக்கிடு."

"தரை வரைக்குமா? ஜன்னலா?"

"ஜன்னலுதான். காத்து பிச்சிக்கினு வரும்!"

"கம்பி?"

"கம்பி துருப் புடிக்கும். ரெண்டு பலகையப் போட்டு தாழ்ப்பாள் வெச்சிடு. ஆயுசுக்கும் கவலயில்ல."

மதார் சாகிப் திரும்பி நின்றுகொண்டு வெகுநேரம் இருமினார்.

பொங்கலுக்கு முன்பே அம்மு வந்தாள். தேக்கு நிலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தட்டினாள், தடவினாள். இரண்டு பலகையையும் திறந்தாள். அப்புறம் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாகவே இறங்கிப் போய், சந்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, அந்த வழியாகவே திரும்பி வந்தாள்.

"ஜன்னலு நல்லா கீதுய்யா," என்றாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! லோகநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பாத்தியா பாய்? ஆயுசு கணக்கு போட்டா தப்பவே தப்பாது!" என்று சொல்லிவிட்டு, பாய்க்கு வெற்றிலை பாக்கு வாங்கக் கடைக்கு ஓடினான்.

வாங்கிக்கொண்டு அந்தப் புது ஜன்னல் வழியாகவே உள்ளே கால் வைத்தான். கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த மதார் சாகிப் அவனைக் கவனிக்காமல் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்:

"கதவு ஆச்சு தங்கச்சி. அடுத்தது மாடிப்படிதான? கரையான எந்த மூலைல வுடட்டும்?"