ஹபீஸ் வளர்த்த நிழல்

முள்மரத்துக்கு முள்வேலி போட்டுக் காப்பாற்றிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தெருக்காரர். விம்கோ நகரில், மூடிக்கிடக்கும் பழைய தொழிற்சாலையின் மதிலை ஒட்டி ஓடுகிற சந்து எங்களுடையது. அங்கே யாரைக் கேட்டாலும் ஹபீஸ் வீட்டைக் கைகாட்டிவிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அவர் ராயபுரத்தில் ஞானஸ்நானம் வாங்கிய கிறிஸ்தவர். துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டுகிற வேலை பார்த்தார். கப்பலின் அடிவயிற்றில் நின்று அண்ணாந்து, சரக்கைத் தூக்கச் சொல்ல 'ஹபீஸ்', இறக்கச் சொல்ல 'ஆரியா' என்று குரல் கொடுக்க வேண்டும். எந்தக் காலத்தில் எந்த நாட்டு மாலுமி விட்டுப்போன சொற்களோ தெரியாது. இவர் ஆரியா சொன்னது கப்பலுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. ஹபீஸ் சொன்னது ஊருக்கே கேட்டிருக்கிறது. அதுவே பேராகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவருக்கு சலாம் வைப்பார்கள். ரம்ஜான் மாதத்தில் தூக்குவாளியில் நோன்புக்கஞ்சி தேடிவரும். ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. "கஞ்சி இன்னா, பேரு கேட்டுகினா வருது?" என்பார், மீசையைத் துடைத்துக்கொண்டே.

அவர் மனைவி செல்லமேரி அக்காவுக்கு மூச்சு. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நம்மிடம் இருந்தால் அது மூச்சு, அக்காவிடம் இருந்தால் அது வியாதி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு, மேற்குப் பார்த்த வாசல். உச்சி சாய்ந்தபின் உள்ளே இருந்தால் கூரை வேக வைக்கும், வெளியே வந்தால் வெயில் வறுக்கும். காற்றாட உட்காரச் சொன்னார் டாக்டர். எங்கே உட்காருவது என்று சொல்லவில்லை. "வாசல்ல இத்தினியூண்டு நெயலு இருந்தா போதும், குந்திக்கினே போய்ச் சேந்துருவேன்" என்று அக்கா ஒருநாள் சிரித்தார். ஹபீஸ் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் கடப்பாரையும் கையுமாக எதிர் மதிலோரத்தில் நின்றார்.

கணக்கு சரியான கணக்குதான். வாசலுக்கு மேற்கே மரம் நின்றால், பிற்பகல் நிழல் கிழக்கே நடந்து வந்து அக்காவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும். மரத்துக்குத்தான் அந்தக் கணக்கு புரியவில்லை. வேப்பங்கன்று கருகியது. புங்கன் துளிர்க்கிற மாதிரி ஆசைகாட்டிவிட்டுக் கருகியது. பாதாம் நட்ட வாரமே இலையைக் கொட்டியது. காற்றில் உப்பு, மண்ணில் பாதி செங்கல் தூள், கீழே மாங்காய் ஊறப்போடுகிற அளவுக்கு உப்புத் தண்ணீர். ஹபீஸ் தினமும் விடிந்ததும் கன்றின் முன் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, துறைமுகத்துக் குரலில் "ஹபீஸ்! ஹபீஸ்!" என்று கத்துவார். தெரு எழுந்து உட்காரும். கன்றுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஆரியாவில் போயின.

கடைசியில் மாத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், சாப்பிடாமல் திரும்பிவந்தார். ஏரிக்கரையில் கருவேல மரங்களைப் பார்த்துவிட்டாராம். கத்திரி வெயிலில், பாளம் பாளமாக வெடித்த தரையில், யாரும் ஒரு சொம்பு தண்ணீர் காட்டாமல், பச்சை. வெயிலோடு சண்டை போடாமல், அதையே தின்று வளர்கிற மாதிரி ஒரு பச்சை. சட்டைப்பை நிறைய, மணிமணியாகக் கோத்தது போன்ற காய்களோடு வந்து நின்றார். அவற்றின் விதைக்குத் தோல் கெட்டி, ஆட்டின் வயிற்றுக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தால்தான் சீக்கிரம் முளைக்கும் என்று ஆடு மேய்த்த ஒரு அம்மா சொன்னாராம்.

ஆட்டுக்கு எங்கே போவது? கறிக்கடை பாய் இருந்தார். ஹபீஸைத் தம் ஆள் என்றே கடைசிவரை நம்பியவர். ஞாயிற்றுக்கிழமைக்கென்று கட்டிவைத்திருந்த கிடாவை வெள்ளிக்கிழமையே இரவல் கொடுத்தார். வீட்டு வாசலில் கிடாவைக் கட்டி, காயை ஊட்டி, ஹபீஸ் முறத்தோடு அதன் பின்னாலேயே உட்கார்ந்தார். அது நகர்ந்தால் இவரும் நகர்ந்தார். அது வாலைத் தூக்கினால் முறத்தை நீட்டினார். அந்தக் கிடா வெட்கப்பட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அக்கா கதவில் சாய்ந்து மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து எம் பின்னாடி இப்டி ஒரு நாளு சுத்திக்கிறியாயா நீ?"

"நீ இன்னா, புழுக்க போட்டியா?" என்றார் ஹபீஸ், தலையைத் திருப்பாமல்.

ஞாயிறன்று கிடா அதன் வழியே போனது. விதைகள் மண்ணுக்குள் போயின. ஆழமாய் இறங்குகிற ஆணிவேர், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும் என்று, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றினார். முளைத்ததில் தெம்பான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். முதல் கோடையில் வாரத்துக்கு ஒருமுறை அரிசி கழுவிய தண்ணீர், அதற்குமேல் கிடையாது. இரக்கப்பட்டுக் குடத்தைச் சாய்க்க வந்த பெண்களைத் துரத்தினார். தாகம் எடுத்தால்தான் வேர் கீழே தேடிப் போகும், ஊட்டி ஊட்டி வளர்த்தால் மேலேயே படுத்துக்கொண்டு சோம்பேறியாகிவிடும் என்று கத்தினார். மாடு கடிக்காமல் இருக்க வேலி வேண்டும். ஊரெல்லாம் புதராய் மண்டும் சீமைக்கருவேலத்தை எங்கள் பக்கம் வேலிகாத்தான் என்போம். அதன் கிளைகளை ரயில்வே லைன் ஓரத்தில் வெட்டிவந்து, கிழிந்த மீன்வலையால் சுற்றிக் கட்டினார். முள்ளுக்கு முள் காவல். அன்றிலிருந்து அந்தக் கன்றுக்கும் வேலிகாத்தான் என்றே பேர் வைத்துவிட்டது தெரு. அவரும் திருத்தவில்லை. ஒன்றின் பேர் இன்னொன்றுக்கு ஒட்டுவது அவருக்குப் பழகிய விஷயம்.

மரம் அவர் இடுப்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது. தினமும் மூன்று மணிக்கு நிழல் முடிகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். சூனியமோ என்று சிலர் அதைத் தாண்டாமல் சுற்றிப் போனார்கள். பிள்ளைகள் அதன்மேலேயே பாண்டி ஆடினார்கள். அக்கா வாசற்படியிலிருந்து நக்கலடிப்பார்: "பொழுது சாஞ்சா வெளக்குக் கம்பத்து நெயலுகூட எங்கூட்டுக்குள்ள வருது. அதுக்கு இன்னாத்துக்குய்யா இம்மா பேஜாரு?" ஆனால் கோடு ஒரு சாண் நெருங்கி வந்த நாளில் அவரும் எட்டிப் பார்ப்பார். அந்தக் கோட்டுக்கும் அக்காவின் மூச்சுக்கும் நடுவே ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டோம்.

பிறகு ஒருநாள் ஜேசிபி வந்தது. தண்ணீரை உறிஞ்சுகிற வேலிகாத்தானை ஒழிக்கப் புறப்பட்ட இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள், நல்ல பிள்ளைகள், தொப்பியும் கையுறையுமாக வந்தார்கள். தெருவில் யாரோ வழிகாட்டியிருக்கிறார்கள், தினமும் அழைக்கிற பேரைச் சொல்லி. சுற்றிலும் அசல் வேலிகாத்தான் முள். உள்ளே ஒரு முள்மரம். ஹபீஸ் குறுக்கே விழுந்தார். இது கருவேலம், வேறு சாதி மரம் என்றார். அடையாளம் கேட்டார்கள். பூ உருண்டையாக, மஞ்சளாக இருக்கும் என்றார். பூ எங்கே என்றார்கள். இன்னும் பூக்கவில்லை. காய் மணிகோத்த மாதிரி இருக்கும் என்றார். அதுவும் காய்க்கவில்லை. சாட்சிக்கு ஒரு ஆடு இருந்தது, அதைப் பிரியாணியாகத் தெருவே தின்றிருந்தது.

ஜேசிபியின் கை இறங்கியது. ஹபீஸ் அதன் இரும்பு வாளியின் கீழே போய் நின்று இரண்டு கையையும் உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "ஹபீஸ்!"

வாளி விருட்டென்று மேலே போனது. ஓட்டுநர் ஒரு காலத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் மனசு ஒன்றும் முடிவெடுக்கவில்லை, கைதான் அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிந்துவிட்டது. மன்றத்துப் பிள்ளைகள் இறக்கச் சொல்ல, ஹபீஸ் மறுபடி கத்த, வாளி பாதி வழியில் நடுங்கிக்கொண்டு நின்றது. தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் செல்லமேரி அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். சின்ன சந்துதான், ஆனால் நடுவில் இருமுறை நின்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. முள்வேலியை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சல்லடை போன்ற நிழல், மடிமேல் மட்டும் விழுந்தது.

மன்றத்துப் பையன் குனிந்து, மரியாதையாகத்தான் சொன்னான்: "யக்கா, இது கெட்ட மரம்க்கா. பூமிக்குள்ள கீற தண்ணியெல்லாம் உறிஞ்சிரும்."

அக்கா மூச்சைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொன்னார்: "உறிஞ்சட்டும் நைனா. எனக்குத் தண்ணி வோணாம். நெயலுதான் வோணும்."

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு கோடை அக்கா இருந்தார். கோடு வாசற்படிக்கு ஒரு எட்டு தள்ளி நின்றது. நாற்காலியை முன்னால் போட்டுக்கொள்ளலாமே என்று நாங்கள் சொன்னதற்கு, அதுவாக வரட்டும் என்றார். காலை மட்டும் நீட்டி, பாதங்களை நிழலில் வைத்துக்கொள்வார். மிச்சம் முழுக்க வெயிலில். அப்படிக் காலை நீட்டியபடியே, ஒரு பிற்பகலில், பந்தயத்தை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் வீட்டு முன்னால் பெட்டியை வைத்தபோது ஷாமியானா போட்டிருந்தார்கள். வாடகை நிழல். ஹபீஸ் அதன் கயிற்றைத் தானே அவிழ்த்தார். பெட்டியைத் தூக்கி மரத்துப் பக்கம் கொண்டுவரச் சொன்னார். தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் எங்களுக்கு முன்னால் பின்னடியாக நடந்து, உள்ளங்கையை மெல்லக் கீழே அசைத்து, அந்தப் பெரிய குரலை எங்கே ஒளித்து வைத்தாரோ, காதோடு பேசுகிற மாதிரி, "ஆரியா... ஆரியா... இன்னும் கொஞ்சம்... ஆரியா" என்றார். நிழல் சரியாக முகத்தில் விழுகிற இடத்தில் கை நின்றது. நாங்கள் இறக்கினோம். சின்னச் சின்ன இலைகளின் நிழல் அக்காவின் நெற்றியிலும் மூடிய கண்ணிலும் அசைந்தது. உயிரோடு இருந்தபோதுகூட அந்த முகம் அத்தனை அசைந்ததில்லை.

அடுத்த மழை முடிந்து மரம் பூத்தது. உருண்டை உருண்டையாக மஞ்சள், லேசான வாசம். அதற்கடுத்த கோடையில் நிழல் கோட்டைத் தாண்டி, படியேறி, வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. இப்போது மூன்று மணிக்கு அதன் கீழே மீன் விற்றுத் திரும்புகிற பெண்கள் கூடையை இறக்குகிறார்கள், ஆட்டோ டிரைவர்கள் தூங்குகிறார்கள், ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது.

ஹபீஸ் மட்டும் அங்கே வருவதில்லை. மதிலை விட்டுத் தள்ளி ஒரு கல்லில், உச்சந்தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து மரத்தையே பார்த்திருப்பார். நிழலுக்குள் வந்து உட்காரச் சொல்லி எல்லாரும் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார்கள். போன வாரம் நான் போய்க் கேட்டேன்.

"எல்லாரும் குந்தட்டும்பா," என்றார். "நான் போய்க் குந்தினா, அவளுக்கு முன்னாடி நான் குந்திக்கினா மாரி ஆயிடும்ல."

அந்தக் கல்லிலேயே ஓரமாக உட்கார்ந்தேன். மண்டை காயும், நிழலுக்குப் போ என்று அதட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. பிறகு தலையிலிருந்த துண்டை எடுத்து உதறி விரித்து, பாதியை என் தலைமேல் இழுத்துவிட்டார்.