இன்னும் ரெண்டு சுத்து

மனிதர்களில் டேப் சுற்றுகிறவர் என்று ஒரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். இருந்தால் என் அனுதாபங்கள். லேப்டாப் சார்ஜரின் வயர் கழுத்துப் பக்கம் தோலுரிந்து, உள்ளே இருக்கும் செம்புக்கம்பி பல்லிளிக்கத் தொடங்கியதும் நாமெல்லாம் கடைக்குக் கிளம்புவோம். இவர் முகத்தில் ஒரு களை வரும். மேசை இழுப்பறையைத் திறந்து கறுப்பு டேப்பை எடுப்பார்.

"இதுக்குப் போய் யாராவது புதுசு வாங்குவாங்களா?"

இந்த வகையில் ஒருவரை மட்டும் இங்கே பிடித்து வைத்துப் பார்ப்போம். விவரம் தெரியாதவர் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இவரோ ஒரு பெரிய தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மஞ்சள் தலைக்கவசமும், சட்டைப்பையில் ஒரு கத்தைச் சிவப்பு அட்டைகளுமாக இவர் உள்ளே நுழைந்தால் வெல்டர்கள் வயரைக் காலால் தள்ளி மறைப்பார்கள். எந்த வயரிலாவது நகக்கீறல் அளவுக்கு வெடிப்பு இருந்தாலும் போச்சு. 'பயன்படுத்தாதே' என்று அச்சடித்த சிவப்பு அட்டையை அதில் கட்டித் தொங்கவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

"டேப் சுத்தியிருக்கேன் சார், ஒண்ணும் ஆகாது" என்று ஒரு வெல்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"டேப் சுத்துறதுக்குப் பேரு ரிப்பேரா? உசுரு என்ன கடையில விக்குதா?" என்று தொழிற்சாலையே அதிரக் கேட்டார் அதிகாரி. அன்று மாலை வீட்டுக்குப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல், தன் சார்ஜருக்கு ஏழாவது முறையாக டேப் சுற்றினார். கூச்சம்? மருந்துக்கும் கிடையாது.

அதற்குள் வயரின் கழுத்து கட்டைவிரல் தடிமனுக்கு வீங்கியிருந்தது. ஒரே ஒரு நிலையில்தான் அது வேலை செய்யும். வயர் மேசைக்காலை ஒருமுறை சுற்றி வரவேண்டும், நாற்காலிக் கைப்பிடிமேல் ஏறி இறங்க வேண்டும், கழுத்தில் இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைக்க வேண்டும், அதன்பின் அறையில் யாரும் வேகமாக நடக்கக் கூடாது, கதவை அறைந்து சாத்தக் கூடாது, தும்மல் வருகிறவர்கள் வெளியே போய்த் தும்மிவிட்டு வரவேண்டும். இவ்வளவும் கூடிவந்து சின்ன விளக்கு எரிந்துவிட்டால், "பாத்தியா?" என்று மனைவியின் பக்கம் திரும்புவார். மின்சாரத்தையே தான்தான் கண்டுபிடித்ததாக நினைப்பு. பாட்டரி செத்து ஒரு வருடமாகிறது, வயர் அசைந்தால் திரை அணைந்துவிடும் என்பதைப் பற்றி மட்டும் பேச்செடுக்க மாட்டார்.

"ஏங்க, புதுசு ஒண்ணு வாங்கிடலாமே?" என்று மனைவி கேட்காத வாரமில்லை.

"கம்பெனிக்காரன் நம்ம தலையில மொளகா அரைக்கணும்னே வயரை மெலிசா செய்யறான். நாம ஏன் ஏமாறணும்?"

மனைவி எட்டு வருடம் குழந்தைகளோடு வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போக மனுப் போட்டிருந்தார். முப்பது இடங்களுக்கு எழுதியதில் கூப்பிட்டது ஒரு நூலகம் மட்டும்தான். நேர்காணல் லேப்டாப் வழியாக, காலை பதினொரு மணிக்கு. முந்தின நாளே, "நாளைக்கு ஒரு நாளைக்காவது நல்ல சார்ஜர் வேணுங்க" என்று கெஞ்சினார்.

"நான் இருக்கேன்ல? லீவே போட்டுட்டேன்" என்றார் அதிகாரி. கடைக்குப் போய்வர அரை மணி நேரம் போதும். அதற்குப் பதிலாக ஒரு முழு நாள் விடுப்பு! இவர்கள் மூளை வேலை செய்கிற விதமே தனி.

பதினொரு மணிக்கு மனைவி தலைவாரி, நல்ல உடை உடுத்தி, திரைக்கு முன் உட்கார்ந்தார். கணவர் மேசைக்கு அடியில் குந்தி, இரண்டு விரலால் வயரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். திரையில் மூன்று பேர். முதல் இரண்டு கேள்விகளுக்கும் மனைவியின் பதில் கணீரென்று வந்தது. மூன்றாவது கேள்வியைத் தலைமை நூலகர் கேட்டார்: "எட்டு வருஷ இடைவெளி இருக்கே. உங்கள நம்பி எப்படி வேலையக் குடுக்கிறது?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மனைவி பத்து நாள் தயார் செய்திருந்தார். வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் ஒரு கால் மரத்துப்போய், கொஞ்சம் நகர்ந்தது. திரை அணைந்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இப்ப வந்துடும்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "இன்னும் ரெண்டு சுத்து சுத்தினாப் போதும்."

மனைவி எழுந்தார். ஆணியில் தொங்கிய கணவரின் வேலைச் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை உருவினார். அதன் கம்பியை முறுக்கிச் சார்ஜரின் கழுத்தில் கட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். வழியிலேயே நூலகத்துக்குப் போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு, மாலை நான்கு மணிக்கு இன்னொரு வாய்ப்பையும் வாங்கிவிட்டார். புதுச் சார்ஜரின் தயவில் நாலரை மணிவரை திரை கண் சிமிட்டவில்லை. வேலை கிடைத்தது. அந்தச் சார்ஜர் இப்போது மனைவியின் அலமாரியில், பூட்டுக்குள்ளே இருக்கிறது.

அதிகாரி திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் ரொம்ப நல்லவர். மனைவி வேலையில் சேர்ந்த அன்று காலை, தனக்கு வார விடுமுறை என்பதால், சிவப்பு அட்டையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். 'பயன்படுத்தாதே.' அட்டையைக் குப்பையில் போட்டார். கட்டியிருந்த கம்பி நல்ல கெட்டியாக இருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை. அதையே வயரின் கழுத்தில் சுற்றி இறுக்கி, அதன் மேல் டேப்பை இரண்டு சுற்று சுற்றி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார். விளக்கு எரிந்தது.

"பாத்தியா?" என்று திரும்பினார். பார்க்க வீட்டில் யாரும் இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள். உங்கள் மேசைமேல் இருக்கும் இஸ்திரிப் பெட்டி அசைந்துவிடப் போகிறது.