தங்கூசி அண்ணாச்சியும் தினம் ஒரு சுற்றும்

தென்காசி வட்டாரத்துக் குளங்களில் தூண்டில் போட்டவர்களில் தங்கூசி அண்ணாச்சியின் எச்சில் படாமல் தப்பியவன் ஒருவன்கூடக் கிடையாது. நானும் தப்பவில்லை.

தங்கூசி என்பது தூண்டில் ரீலில் சுற்றுகிற நைலான் இழை. கண்ணாடி போலிருக்கும், தண்ணீருக்குள் போனால் இருக்கிற இடம் தெரியாது. அந்த இழை எப்போது சாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அண்ணாச்சியின் வாழ்நாள் பணி. சம்பளம் வாங்கிய பணி வேறு. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்.சி. புக் கேட்டுப் பழகிய கை குளக்கரையிலும் சும்மா இராது. உட்கார்ந்திருக்கிறவனிடம் தூண்டிலை வாங்குவார், இழையை நாலு முழம் உருவுவார், இரண்டு உதடுகளுக்கும் நடுவே வைத்து மெல்ல இழுப்பார். விரலுக்குத் தெரியாத கீறல் உதட்டுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. இடைஞ்சலாக இருக்கிறதென்று சர்வீசில் இருக்கும்போதே மீசையை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து எந்தத் திருடனும் அவரை மதிக்கவில்லை என்று ஸ்டேஷனில் பேச்சு.

ஆய்க்குடி போகிற வழியில் உள்ள குளத்தில்தான் முதல்முதலாக மாட்டினேன். மேகம் மலையை விட்டு இறங்கிக் கரை வரைக்கும் வந்து நின்ற ஒரு மதியம். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன்.

“லே, இது எப்பம் போட்டது?”

“போன வருசம், அண்ணாச்சி.”

உதட்டில் வைத்து இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“செத்துப் போச்சு.”

“நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு?”

“எல்லாப் பொணமும் மொத நாளு நல்லாத்தாம்ல இருக்கும்.”

சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். நறுக். என்னைக் கேட்கவில்லை. வெட்டிய இழையைக் கரையில் போடவும் விடவில்லை. கொக்குக் காலில் மாட்டும் என்று சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் மீனில்லாமல், இழையில்லாமல், வெறும் கம்போடு வீட்டுக்கு நடந்தேன்.

அவர் சட்டம் கடுமையானது. வெயிலில் காய்ந்தால் மாற்று. பாறையில் உரசினால் மாற்று. பெரிய மீன் இழுத்துப் போனால், அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாற்று. ரீலிலிருந்து விடுபட்டதும் ஜிலேபியாகச் சுருண்டால் மாற்று. கையில் காசு இல்லையென்றால் மேல் பாதியையாவது மாற்று, அடியில் கிடப்பது வெயில் காணாதது. எது எப்படியோ, குற்றாலத்தில் சாரல் தொடங்குமுன் மாற்று.

“ஒரு தடவகூட வெளிய எடுக்கலன்னா?”

“அப்பமும் மாத்து. சும்மா கெடக்கதும் வயசுதாம்ல.”

இந்தச் சட்டம் குளத்தோடு நின்றிருந்தால் ஊர் பொறுத்திருக்கும். ஒரு சீசனில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார், கோமதி மதினியையும் கூட்டிக்கொண்டு. மதினி என்றால் அவர் மனைவி. குரலைத் திறந்தால் அருவிச் சத்தம் அடங்கிவிடும். அங்கே கடையில் பாசி மாலைகள் சரம் சரமாகத் தொங்கின. தொங்கியது தங்கூசியில். அண்ணாச்சிக்குக் கால் நகரவில்லை. எண்ணெய் வழிகிற தலையோடு கடைக்குள் புகுந்து, கடைக்காரன் பார்க்கப் பார்க்க, கொடியை உதட்டில் வைத்து இழுத்தார். அறுந்தது. முழுக்கொடியும். மாலைகள் விழுந்து தெறிக்க, பச்சை, சிவப்பு, நீலம் என்று பாசிமணிகள் ஈரத்தரையில் ஓடி, குளிக்க வந்த கூட்டத்தின் கால்களுக்கு இடையில் மறைந்தன.

“நாஞ் சொல்லல?” என்றார் அண்ணாச்சி, வெற்றியோடு.

“நீங்க சொல்லாட்டி அது பாட்டுக்குத் தொங்கிட்டுக் கெடந்துருக்கும்” என்று மதினி குனிந்து மணி பொறுக்கினாள். “வீட்டுல கேஸ் டியூப்ப மாத்தியாச்சு, செருப்ப மாத்தியாச்சு. என்னைய எப்பம் மாத்தப் போறியோ?”

“ஒனக்கு இன்னும் சுருள் விழலட்டி.”

சிரித்துக்கொண்டேதான் பொறுக்கினாள். அந்தக் கையைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

ரீலில் புது இழை சுற்ற இரண்டு பேர் வேண்டும். கடையில் வாங்கிய இழை உருண்டையைப் பென்சிலில் கோத்து ஒருவர் பிடிக்க, இன்னொருவர் ரீலின் கைப்பிடியைச் சுற்றுவார். பிடிக்கிறவர் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இழையை லேசாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தினால்தான் ரீலில் இறுக்கமாகப் படியும். அழுத்தாவிட்டால் பொதபொதவென்று ஏறும். வீசுகிறபோது கொத்தாகக் கிளம்பிச் சிக்கு விழும். அண்ணாச்சிக்கு வெளிச்சம் வேண்டும், வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து சுற்றுவார். மதினி உள்ளே நாற்காலியில், டி.வி. சீரியல் பார்த்தபடி பிடிப்பாள். சுற்றி முடித்ததும் ரீலைத் தடவி, “இந்த எடத்துல மாமியாக்காரி வந்துருக்கா” என்பார் அண்ணாச்சி. அங்கே மட்டும் இழை கூடுதலாக இறுகியிருக்கும்.

ஒரு காலையில், உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்த அந்தக் கை அப்படியே தொங்கிவிட்டது. வலது பக்கம் முழுவதும் விழுந்தது. பேச்சும் போயிற்று. திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது மதினியிடம் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. எளவு. சாவு வீட்டுச் சொல்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் பால் பொங்கினாலும் பஸ் போய்விட்டாலும் அதைத்தான் சொல்வோம். அத்தனை பெரிய குரலையும் வாரிக்கொண்டு போன நோய் போகிற போக்கில் இதை மட்டும் தவறவிட்டுப் போயிருந்தது.

பார்க்கப் போனேன். “மதினி, எப்படி இருக்கிய?”

“எளவு.”

“தேவலையாம்” என்றார் அண்ணாச்சி.

சர்ச்சிலிருந்து ஜெபம் பண்ண வந்த பக்கத்து வீட்டு அம்மா கண்ணைத் திறந்ததும் மதினி “எளவு” என்றாள். “ஒங்களுக்குக் காப்பி போடச் சொல்லுதா” என்றார் அண்ணாச்சி. அந்த அம்மா காப்பி குடிக்காமலே போய்விட்டது. ஒவ்வொரு எளவுக்கும் ஓர் அர்த்தம் வைத்திருந்தார். தப்பாகச் சொல்லிவிட்டால் மதினி இடது கையால் கட்டிலை அடிப்பாள். உடனே அர்த்தத்தை மாற்றுவார்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ரப்பர் பந்து ஒன்றைத் தந்து பிடித்து அழுத்தச் சொன்னார். பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. மதினி அதைப் பார்க்கக்கூட இல்லை. “வாறது மொதக் கொஞ்ச மாசத்துலதான் வரும், அதுக்கப்புறம் கஷ்டம்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணாச்சி பந்தை எடுத்துத் தெருப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, உருண்டையைப் பென்சிலில் கோத்து மதினியின் இடது கையில் கொடுத்தார். இழையை எடுத்து, விளங்காத வலது கை விரல்களுக்கு நடுவில் வைத்தார். வாசற்படியில் போய் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து தினமும் இழை மாற்றினார். காலையில் ரீலுக்கு ஏற்றுவார், மாலையில் குளத்துக்குப் போய் வீசுவார், திரும்பி வந்து எல்லாவற்றையும் உருவிவிடுவார். மறுநாள் மறுபடியும். தெரு காறித் துப்பாத குறை. கை விளங்காத பொம்பளையை வேலை வாங்குகிறான் பார், போலீஸ் புத்தி எங்கே போகும் என்றார்கள்.

குளத்தில் நிலைமை இன்னும் மோசம். ஊரெல்லாம் நகவெட்டியோடு அலைந்தவரின் ரீலில் இழை பொம்மென்று வீங்கிக் கிடந்தது. வீசுவார், தூண்டில்முள் காலடியிலேயே விழும், இழை ஒரு குருவிக்கூடாகக் கையில் நிற்கும். புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருக்கிற சாமுவேல், அண்ணாச்சியிடம் முன்பு நிறைய இழை பறிகொடுத்தவன். விடுவானா?

“ஏட்டையா, மீன் பிடிக்கியளா, நூடுல்ஸ் கிண்டுதியளா?”

அண்ணாச்சி சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “நீங்களே ஒரு துணிய வச்சு இறுக்கிச் சுத்தினா என்ன, அண்ணாச்சி?”

“எனக்குத் தெரியாதாக்கும்? எம் பக்கம் இறுக்கிட்டா, அவ புடிச்சாளா இல்லியான்னு எனக்கு எப்படிலே தெரியும்?”

சாமுவேல் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தான். அதன்பின் அவன் கேலி பேசவில்லை.

குளத்துத் தண்ணீர் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலக் கிடந்த நாட்கள் அவை. தினமும் போனோம். தினமும் குருவிக்கூடு. மீன்கள் எங்களை மறந்தே போயிருக்கும். டாக்டர் சொன்ன அந்தக் கொஞ்ச மாசம் கரைந்துகொண்டிருந்தது.

மகள் உலகம்மாள் கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். அவள் வந்த வாரத்தில் ஒரு நாள் அண்ணாச்சி வீச, இழை விர்ரென்று போனது. நேராக, நீளமாக, குளத்தின் நடுவில் தாமரை இலைகளையும் தாண்டி. தூரத்திலிருந்து சாமுவேல் விசில் அடித்தான். நான் எழுந்து கை தட்டினேன். “அண்ணாச்சி! மதினிக்கு வந்துட்டு!”

அவர் முகம் மலரவில்லை. ரீலைப் பெருவிரலால் தடவினார். இன்னொரு தடவை தடவினார்.

“இது கோமதி இல்ல.”

“பின்ன யாரு?”

“சீரா இருக்குலே. அடியில இருந்து மேல வரைக்கும் ஒரே சீரு. விழுந்த கையில ஒரே நாள்ல அப்படி வராது.”

வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அவர் ரீலைத் தரையில் வைத்ததுமே உலகம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா தெருவைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்க, அம்மாவின் விரல்களுக்கு இந்தப் பக்கம் தன் விரலை வைத்து அழுத்தியிருக்கிறாள்.

“ஒங்க மொகத்தப் பாக்க முடியலப்பா. ஒரு நாளாவது சந்தோசமா வருவியன்னுதான்…”

“நல்லாத்தான் புடிச்சிருக்கெ” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “நீ புடிச்சு என்னம்மா செய்ய?”

அங்கேயே உட்கார்ந்து முழு இழையையும் உருவினார். அது கூடத்துத் தரையில் சுருள் சுருளாக விழுந்து, கட்டில் காலைச் சுற்றிக் குவிந்தது. மதினி எங்கள் எல்லோரையும் பார்த்து, “எளவு” என்றாள். அண்ணாச்சி அதற்கு அர்த்தம் சொல்லவில்லை.

உலகம்மாள் ஊருக்குப் போனாள். காற்று குளிர்ந்து, மலை இருந்த இடத்தில் மேகம் மட்டும் தெரிந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதென்று கார்களும் வேன்களும் ஓடின. அண்ணாச்சியும் நானும் குளத்துக்குப் போனோம். வீசினார். குருவிக்கூடு. நான் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, அவர் சிக்கெடுத்தார். எடுத்து எடுத்து, தளர்ந்த இழையை ரீலிலிருந்து உருவிக்கொண்டே வந்த கை ஒரு இடத்தில் நின்றது.

எனக்குப் பயமாகிவிட்டது.

“என்ன, அண்ணாச்சி?”

“இங்கன தடவிப் பாரு.”

தடவினேன். மேலே எல்லாம் பொதபொத. அவர் விரல் காட்டிய இடத்தில் ஏழெட்டுச் சுற்று, அதற்கு மேல் இராது, கீழே இருந்த இழைக்குள் கடித்துக்கொண்டு இறங்கியிருந்தது. சீராக இல்லை. ஒன்று இறுக்கம், அடுத்தது நழுவல், பிறகு மறுபடி இறுக்கம். அதற்குப் பின்னால் பழையபடி தளர்ச்சி.

“வேற யாரும் வீட்டுல இருந்தாகளா?”

“நானும் அவளுந்தாம்ல.”

ரீல் எங்காவது திக்கியிருக்கலாம். உருண்டை பென்சிலில் சிக்கியிருக்கலாம். எனக்குத் தோன்றியது, அவருக்குத் தோன்றாமல் இருக்குமா? உருவின இழையைச் சுற்றாமல் கையில் வளையமாகச் சேர்த்துக்கொண்டார். அந்த ஏழெட்டுச் சுற்றில் ஒன்றைக்கூடக் கழல விடவில்லை. துண்டை எடுத்து ரீலைப் பொத்தினார்.

“போவோம். அவட்ட காட்டணும்.”

பாதி வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி ரீலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தார். வழுக்கைத் தலையில் தண்ணீர் ஓடியது. நான் குடையை விரித்துப் பக்கத்தில் ஓடினேன். தங்கூசிக்கு மழையால் ஒன்றும் ஆகாது, அது தண்ணீரிலேயே கிடக்கிற சரக்கு. தெரிந்துதான், குடையை அவர் தலைக்குப் பிடிக்காமல் அந்தத் துண்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் போனேன்.