மாப்பிள்ளை வாங்கிய நூற்றுக்கு நூறு

ஆராய்ச்சி மாணவனை வீட்டில் வைத்துக்கொண்டு பெண்ணுக்கு வரன் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் பார்த்தார்கள். அந்த மாணவன் நான்தான்.

பணியிடங்களில் சைக்கோபதி ஆளுமைக் கூறுகள் என்பது என் ஆய்வுத் தலைப்பு. கத்தியோடு துரத்துகிறவர்களைப் பற்றியது அல்ல. தேனொழுகப் பேசி, கூசாமல் பொய் சொல்லி, அடுத்தவன் அழுதாலும் அசையாமல் இருப்பவர்கள் அலுவலகங்களில் எப்படி மேலே போகிறார்கள் என்று பார்ப்பது. மூன்றே மாதத்தில் எனக்குக் கண்ணில் பட்டவர்கள் எல்லாம் அப்படித்தான் தெரிந்தார்கள். (என் பேராசிரியர் உட்பட. அவர் விஷயத்தில் சந்தேகம் இன்னும் தீரவில்லை.)

அப்போதுதான் தங்கை கவிதாவுக்குச் சரவணன் என்ற வரன் வந்தது. கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சூப்பர்வைசர். பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து, போன் வந்தால் கவிதா மாடிக்கு ஓடினாள்.

"வேலை செய்ற எடத்துல ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு வாடா. குடிப்பாரா, கை நீட்டுவாரா, அவ்ளோதான்" என்றார் அப்பா.

அவ்வளவுதானா? நான் படித்த படிப்பு என்னாவது? இருபது கேள்விகள் கொண்ட என் படிவத்தோடு செய்யூரிலிருந்து பைக்கில் கிளம்பினேன்.

சரவணனுக்கு அன்று விடுமுறை. செக்யூரிட்டி மணியும் இன்னும் நான்கு பேரும் இருந்தார்கள். "பொதுவான ஆய்வுதான். உங்க சூப்பர்வைசரைப் பத்தி எழுதுங்க. அந்தக் குணம் அதிகமா இருந்தா அஞ்சு, இல்லன்னா பூஜ்யம்" என்று விளக்கினேன்.

மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு அண்ணாத்த?"

"செய்யூர்."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். 'பதற்றம் தெரிகிறது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மாமல்லபுரத்தில் ஒரு இளநீர்க் கடையோரம் நின்று மதிப்பெண்களைக் கூட்டினேன். நூறு. அடுத்ததும் நூறு. ஐந்து பேரும் நூற்றுக்கு நூறு போட்டிருந்தார்கள்! இளநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். ஐந்தும் அச்சடித்த மாதிரி இருந்தால் படித்தவனுக்குச் சந்தேகம் வர வேண்டும். எனக்கும் வந்தது. பாவம், எல்லோரையும் மிரட்டி வைத்திருக்கிறான் என்று.

"இந்தக் கல்யாணம் வேணாம்பா. ஆளு பயங்கர டேஞ்சர்" என்றேன். அப்பா போன் போட்டுக் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார்.

கவிதா அழவில்லை. "பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் காபி குடிச்ச டம்ளரை அவரே எடுத்துனு போய்க் கழுவி வெச்சாரு. உன் பேப்பர்ல அதுக்கு ஒரு கேள்வி கீதா?" என்று கேட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. முன்னால் மணி, பின்னால் சரவணன்.

"இன்னா அண்ணாத்த, அஞ்சு பேரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டோம். இன்னும் இன்னா கொற கண்டுகினீங்க?" என்றார் மணி.

"கேள்வியைப் படிச்சீங்களா?"

"எதுக்குப் படிக்கணும்? செய்யூருன்னு சொன்னதுமே பொண்ணு வூட்டுக்காரருன்னு தெரிஞ்சுபோச்சு. கெஸ்ட்டு அஞ்சுக்கு நாலு ஸ்டார் போட்டாலே எங்க மேனேஜர் கூப்ட்டுக் காய்ச்சிடுவாரு. எங்க அண்ணனுக்கு நாங்க கொறச்சுப் போடுவோமா?"

சரவணன் படிவத்தை வாங்கி முழுவதும் படித்தார். 'செய்த தவறுக்கு வருந்தமாட்டார்' என்பதற்கும் ஐந்து. தலையைத் தூக்கி, "சார், இதுல நல்ல கேள்வி ஒண்ணு கூடவா இல்ல?" என்று கேட்டார். உள்ளேயிருந்து கவிதா சிரிக்கும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் காபி போட்டு வரும்படி அப்பா என்னை விரட்டினார்.

கல்யாண மண்டப வாசலில் அந்த ஐவரும் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். 'சைக்கோ பரீட்சையில் நூற்றுக்கு நூறு எடுத்த எங்கள் அண்ணன்!' கீழே மூலையில் என் படம், 'தேர்வு அதிகாரி' என்ற பட்டத்தோடு. சொந்தக்காரர்கள் இன்றுவரை என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு பெண் வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்திருந்த கவிதா என் அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துவந்து அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து நிரப்பினாள். இவள் மட்டும் ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்தாள்.