ஐந்தாம் இடத்துக்குச் சொன்ன வாழ்த்து

வுப்பர்டால், ஜெர்மனி
11.05.2006

அன்பும் மதிப்பும் நிறைந்த தில்லைநாதன் அத்தானுக்கு,

இங்கு சுந்தரேஸ்வரியும் மகள் பிரபாலினியும் நலம். என் சுகத்தைக் கேளாதீர்கள். லண்டனில் அக்காவும் நீங்களும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். உங்களுக்குப் பலமுறை தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அக்காதான் எடுத்து, "அத்தான் குளிக்கிறார்" என்கிறா. அதனால்தான் இந்தக் கடிதம்.

அத்தான், பிரபாலினியின் கலியாணம் குழம்பப்போகிறது என்று பயமாக இருக்கிறது. குழப்பியது நான்தான். கலியாணப் பேச்சுக்கால் தொடங்கியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாப்பிள்ளையின்ரை தேப்பன் உமாபதி லண்டன் டொட்டன்ஹாம் பந்தடிக் குழுவிலை பைத்தியம். நீயும் அந்தப் பக்கம்தான் என்டு சொல்லிப்போடு, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றீர்கள். சொல்லிப்போட்டேன். பந்தை எந்தப் பக்கம் உதைப்பதென்று தெரியாத நான், அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் கீழ்வீட்டு ஜேசுரட்ணத்திடம் பாடம் கேட்டு, அதை அப்படியே சம்பந்திக்கு ஒப்புவித்து வந்தேன். அவரும் "ஓமோம், நீங்கள் சொல்லுறதுதான் சரி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கு இவ்வளவு அடக்கமா என்று நான் நடுங்கிப்போவேன்.

போன ஞாயிறு கடைசி ஆட்டம். ஜேசுரட்ணம் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டான். நானே தொலைக்காட்சியில் பட்டியலைப் பார்த்தேன். போன வருடம் ஒன்பதாம் இடத்தில் கிடந்த டொட்டன்ஹாம் இந்த வருடம் ஐந்தாம் இடம். ஒன்பதாம் பிள்ளையாக இருந்தவன் வகுப்பில் ஐந்தாம் பிள்ளையாக வந்தால் நாங்கள் கேக் வெட்டமாட்டோமா? உடனே தொலைபேசி எடுத்து, "சம்மந்தி, வாழ்த்துக்கள்! மனம் குளிர்ந்துபோச்சு! அடுத்த வருசமும் இப்பிடியே வரவேணும்!" என்றேன். மறுபக்கத்தில் "சரி, வைக்கிறன்" என்று ஒரு குரல்.

ஜேசுரட்ணம் வந்து கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். "அண்ணை, என்ன வேலை செய்தனீங்கள்! கடைசி நாள் வரைக்கும் நாலாம் இடத்திலை நின்டவங்கள், அது கிடைச்சால்தான் ஐரோப்பாக் கிண்ணத்துக்குப் போகலாம். ஆட்டக்காரருக்கு வயித்துக்குள்ளை குழப்பம், ஏலாமல் விளையாடித் தோத்துப்போனாங்கள். அந்த நாலாம் இடத்தை ஆர்சனல் பறிச்சுப்போட்டான். பரம எதிரி! செத்த வீட்டிலை போய் வாழ்த்துச் சொன்ன மாதிரியெல்லோ கிடக்கு!"

அன்றிலிருந்து உமாபதி தொலைபேசியைத் தொடுவதில்லை. அடுத்த கிழமை லண்டனில் அவர் வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்குகிற வீட்டில் நான் எந்த முகத்தோடு வந்து இறங்குவது? கூறைச்சேலை அவர்கள் கொண்டுவர வேண்டியது, கொண்டுவருவார்களோ? இங்கே நான் பேசி வைத்திருக்கிற மணவறையோ அசல் ஆர்சனல் நிறம், சிவப்பும் வெள்ளையும். அது ஞாபகம் வந்ததிலிருந்து எனக்கு நித்திரையில்லை. கொஞ்சம் தள்ளிப்போடலாமோ என்று மண்டபத்துக்காரியிடம் வேறு நாளுக்குத் தெர்மின் கேட்டேன். இங்கே நடக்கப்போகிற உலகக் கிண்ணம் முடியும்வரை ஒன்றும் ஏலாதாம். சுந்தரேஸ்வரிக்குச் சொன்னால் எனக்குச் சோறில்லை. பிள்ளையோ ஒன்றும் தெரியாமல் பாட்டுப் பாடிக்கொண்டு சட்டை தைக்கக் கொடுக்கிறாள். அவளைப் பார்க்க எனக்கு அழுகை வருகிறது, அத்தான்.

நீங்கள் ஒருக்கால் நேரில் போய், ஞானசுந்தரம் அறியாமல் சொல்லிவிட்டான், அவனுக்கு ஆர்சனல் என்ற பெயரைக் கேட்டாலே காய்ச்சல் வரும் என்று சொல்லுங்கள். இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்த உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். குளித்து முடிந்ததும் தொலைபேசி எடுங்கள்.

இப்படிக்கு,
நித்திரையைத் தொலைத்த உங்கள் மைத்துனன்
ஞானசுந்தரம்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரம் உமாபதி தொலைபேசி எடுத்தார். அழுகிற குரல். "சம்மந்தி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குப் பந்தடி ஒரு மண்ணும் தெரியாது. பொம்பிளையின்ரை தேப்பன் டொட்டன்ஹாம் பைத்தியம், நீரும் அந்தப் பக்கம்தான் என்டு சொல்லும் என்டு தில்லைநாதன் அண்ணைதான் சொல்லித்தந்தவர். தோத்த அண்டைக்கு நீங்கள் வாழ்த்துச் சொன்ன உடனை, என்ரை பொய்யைப் பிடிச்சிட்டியள், கலியாணம் குழம்பிப்போச்சு என்டு பயந்துதான் போனை எடுக்கேல்லை" என்றார்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். பொன்னுருக்கும் கலியாணமும் சொன்னபடி நடக்கும். நீங்கள் கட்டாயம் வரவேண்டும். உங்களை வரவேற்க மண்டப வாசலில் நானும் உமாபதியும் சேர்ந்தே நிற்போம். குளித்துவிட்டே வாருங்கள்.